வளைந்து நிற்கும் தூண்

அஞ்சி ஒதுங்குகிறவனை 'முதுகெலும்பு இல்லாதவன்' என்று உலகம் இகழ்கிறது. எவருக்கும் அஞ்சாது நிமிர்ந்து நிற்பவனை 'முதுகெலும்பு உள்ளவன்' என்று போற்றுகிறது. இவ்வாறு பேசும்போது, முதுகெலும்பு என்பது இரும்புத் தூணைப்போல் வளையாமலும் அசையாமலும் நிற்கும் ஒரு பொருள் என்ற எண்ணமே நம் உள்ளத்தில் இருக்கிறது. உண்மை அதுவன்று. முதுகெலும்பு ஒரே எலும்பும் அன்று, நேரானதும் அன்று, அசையாததும் அன்று. பல துண்டுகளால் ஆகி, நான்கு இடங்களில் வளைந்து, நாள் முழுவதும் அசைந்துகொண்டே இருப்பதனால்தான் அது நம்மைத் தாங்குகிறது.

இதனை நாம் அறிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக மட்டும் அன்று. நம் இல்லங்களில் வழக்கமாக நடப்பவை இரண்டை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் குறுக்குவலி கண்டுவிட்டால், 'அசையாதே, படு' என்று சொல்லி வாரக்கணக்கில் அவரைக் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். ஒருவர் மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்துவிட்டால், ஓடிச்சென்று இருவர் தோளையும் இருவர் காலையும் பற்றித் தூக்கி, கிடைத்த ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து மருத்துவமனைக்கு விரைகிறோம். இரண்டும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் இரண்டும் தலைகீழானவை. அசையவேண்டியவரை அசையாமல் வைக்கிறோம். அசைக்கக் கூடாதவரை அசைத்துவிடுகிறோம். ஏன் இவ்வாறு சொல்கிறோம் என்பது முதுகெலும்பின் அமைப்பைக் கண்டால் தானே விளங்கும்.

முப்பத்து மூன்றும் இருபத்தாறும்

பிறந்த குழந்தையின் முதுகெலும்பில் 33 சிறிய எலும்புகள் உள்ளன. இவற்றை முள்ளெலும்புகள் என்பர். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் கூபகத்தோடு சேர்ந்த திரிகப் பகுதியில் 5, கடைசியில் வாலெலும்பாக 4. வளர வளரத் திரிகத்தின் ஐந்தும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. வாலெலும்பின் நான்கும் அவ்வாறே இணைகின்றன. ஆகவே வளர்ந்தவர் உடலில் எண்ணினால் 26 எலும்புகளே இருக்கும். அவற்றுள் மேலுள்ள 24 மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அசையக்கூடியவை.

கழுத்திலுள்ள எலும்புகள் ஏழு என்ற கணக்கு மனிதருக்கு மட்டும் உரியதன்று. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும், கழுத்தே இல்லாததுபோல் தோன்றும் திமிங்கலத்துக்கும் ஏழே. எலும்புகளின் அளவு வேறுபடுகிறதேயன்றி எண்ணிக்கை மாறுவதில்லை. பாலூட்டிகளுள் மிகச் சிலவே இதற்கு விலக்கு.

ஒவ்வொரு பகுதியும் தன் வேலைக்கேற்ப அமைந்துள்ளது. முதலாவது கழுத்தெலும்பு ஒரு வளையம். அதன்மேல் தலை அமர்ந்து, 'ஆம்' என்று தலையசைக்க இடந்தருகிறது. இரண்டாவது எலும்பில் முளைபோல் ஒரு பகுதி மேல்நோக்கி நிற்கிறது. அந்த முளையை அச்சாகக் கொண்டு வளையம் சுழல்வதால்தான் 'இல்லை' என்று தலையை ஆட்ட முடிகிறது. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நிகழ்கிறது. மார்புப் பகுதியின் பன்னிரண்டும் விலா எலும்புகளோடு பிணைந்து, இருதயத்தையும் நுரையீரலையும் காக்கும் கூண்டாக அமைவதால் அங்கே அசைவு குறைவு. இடுப்பின் ஐந்தும் உருவில் பெரியவை. மேலுடலின் பாரம் முழுவதும் அவற்றின்மேல் இறங்குகிறது. நாம் குனிவதும் நிமிர்வதும் பெரும்பாலும் அங்கேதான். மிகுந்த சுமையும் மிகுந்த அசைவும் ஒரே இடத்தில் கூடுவதால், வலியும் அங்கேயே மிகுதியாகக் குடிகொள்கிறது.

குழந்தையின் தலை நிற்கும்போது

தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த புதிதிலும் குழந்தையின் முதுகு ஒரே வில்லாகப் பின்புறம் வளைந்திருக்கும். பச்சிளங்குழந்தையைத் தூக்கும்போது கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கவேண்டும் என்று பாட்டிமார் எச்சரிப்பது இதனாலேதான். மூன்று நான்கு மாதங்களில் 'குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது' என்று வீட்டில் மகிழ்கிறோம். அந்நாட்களில் கழுத்துப் பகுதி முன்புறமாக வளைவு கொள்கிறது. பின்னர்க் குழந்தை உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, தத்தித்தத்தி நடக்கத் தொடங்கும்போது இடுப்புப் பகுதியும் முன்புறமாக வளைகிறது. மார்பும் திரிகமும் பழைய பின்வளைவோடு நிற்கின்றன. இவ்வாறு முன்னும் பின்னுமாக நான்கு வளைவுகள் அமைகின்றன.

இந்த வளைவுகள் குறைபாடுகள் அல்ல. நாம் இரு கால்களில் நிற்பதற்கு உரிய விலை. நேரான கம்பியை மேலிருந்து தட்டினால் அதிர்ச்சி முழுவதும் அடிவரை செல்லும். வளைந்த வில்கம்பி அதே அதிர்ச்சியைத் தன் நெகிழ்ச்சியால் ஏற்றுக்கொள்ளும். நாம் மாடிப்படியில் இறங்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூளையை எட்டாதபடி இந்த வளைவுகளும் இவற்றிடையே உள்ள வட்டுகளும் தடுத்துக்கொள்கின்றன.

நீர் பருகும் வட்டுகள்

முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று உரசாதபடி அவற்றினிடையே 23 வட்டுகள் உள்ளன. மக்கள் பேச்சில் 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் வழங்குபவை இவையே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் பாகு போன்ற மென்மையான ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெரும்பகுதி நீர். அதனைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நார்கள், கூடை முடைந்தாற்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அசையும் முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எலும்பன்று, இந்த வட்டுகளே.

பகல் முழுவதும் நாம் நிமிர்ந்திருக்கையில், சுமையின் அழுத்தத்தால் வட்டுகளிலிருந்து சிறிது நீர் வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கையில் அந்நீர் திரும்பவும் ஊறுகிறது. இதனால் ஒவ்வொருவரும் மாலையில் இருப்பதைவிடக் காலையில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம். ஐயமுள்ளவர்கள் கதவு நிலையில் கோடிட்டு அளந்து பார்க்கலாம். பிள்ளைகள் இச்சோதனையை விரும்பிச் செய்வார்கள். புவியீர்ப்பின் அழுத்தம் இல்லாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்துவிடுவதுண்டு. பூமிக்குத் திரும்பியபின் பழைய உயரத்தை அடைகின்றனர்.

இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து சத்துகள் மெல்லக் கசிந்தே அவற்றை அடையவேண்டும். நாம் நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் வட்டு அழுந்துகிறது, தளர்கிறது; கடற்பஞ்சைப் பிழிந்து விட்டாற்போல் நீர் போகிறது, வருகிறது. வட்டுகள் வாழ்வதற்கு அசைவு வேண்டும். நாளெல்லாம் ஒரே நிலையில் அமர்ந்திருப்பவருக்கும், காரணமின்றிப் படுக்கையே கதி என்று கிடப்பவருக்கும் இந்தப் போக்குவரத்துக் குறைந்துவிடுகிறது.

பாய்மரமும் கயிறுகளும்

எலும்பும் வட்டும் மட்டும் இருந்தால் நாம் நிற்க முடியுமா? 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆய்வாளர் இருவர், இறந்தவர் உடலிலிருந்து தசைகள் நீக்கப்பட்ட முதுகெலும்பை நிறுத்தி, அதன் உச்சியில் சிறிது சிறிதாக எடை ஏற்றிப் பார்த்தனர். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையிலேயே அது வளைந்து சாய்ந்துவிட்டது. உயிருள்ள மனிதனோ தன் மேலுடலின் பாரத்தையும் சுமந்து, தலையில் நெல்மூட்டையையும் ஏற்றி நடக்கிறான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தசைகளே. தோணியில் பாய்மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அதனை நிறுத்துகின்றன. முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் அத்தகைய கயிறுகள். வயிற்றுத் தசை தளர்ந்து தொந்தி சரிந்தால் முன்கயிறு தளர்ந்துபோகிறது. பின்கயிறு ஓயாமல் இழுபடவேண்டியதாகிறது. முதுகு வலிக்கிறது என்போர் பலருக்கு மருத்துவர்கள் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி சொல்வதன் பொருள் இதுவே.

சுமை தூக்கும் முறையையும் இங்கே கருதவேண்டும். பழைய கடைகளில் வெள்ளிக்கோல் கொண்டு நிறுத்ததைப் பெரியோர் அறிவர். நீண்ட கையின் நுனியில் உள்ள சிறு எடை, குறுகிய கையில் உள்ள பெரும் எடையைச் சமன் செய்யும். முதுகிலும் இதே கணக்குதான். பத்துக் கிலோ அரிசிப் பையை உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிக் கைநீட்டித் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தசைகள் வட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் நின்று இழுக்கின்றன. எனவே அந்தப் பத்துக் கிலோவைச் சமன் செய்ய அவை எண்பது கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். இதில் நம் உடலின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. அதே பையை மார்போடு அணைத்துத் தூக்கினால் அந்த இழுப்புப் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் தொடங்கி, உயிருள்ளவர்களின் இடுப்பு வட்டினுள் நுண்ணூசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், மல்லாந்து படுக்கையில் 25, முன்புறம் குனிந்து நிற்கையில் 150, குனிந்தபடி எடை தூக்குகையில் 220 என்று அவர் கணித்தார். உட்காரும்போது அழுத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதில் பின்வந்தோர் அவரோடு மாறுபட்டனர்; ஆனால் குனிந்து தூக்குவதே பெருஞ்சுமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே குடத்தையோ மூட்டையையோ எடுக்கும்போது அருகில் சென்று, முழங்காலை மடித்து, உடலோடு அணைத்து எழுவது நலம். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாதிருங்கள். இரவெல்லாம் நீரூறி வட்டுகள் விம்மியிருக்கும் விடியற்காலையில், எழுந்த உடனேயே குனிந்து பாரம் தூக்குவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் சுமையையும் மறக்கலாகாது. பள்ளிப் பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இரண்டரைக் கிலோ. இன்றிரவே தராசில் வைத்துப் பார்க்கலாமே!

உள்ளே செல்லும் வடம்

இதுவரை தூணைக் கண்டோம். அத்தூணுக்குள் ஒரு கருவூலம் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது நீண்ட குழாயாகிறது. அதனுள்ளே மூளையிலிருந்து இறங்கி வருவதே தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம், 35 கிராம் எடை, அவ்வளவே. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. கால்விரலை அசைக்கும் ஆணை இதன் வழியே கீழே போகிறது. முள் தைத்த செய்தி இதன் வழியே மேலே வருகிறது. மூச்சுக்கு இன்றியமையாத உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படுகிறது. கழுத்தின் மேற்பகுதியில் வடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடுவது இதனாலேதான்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை. முதலாம், இரண்டாம் இடுப்பெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதன்கீழ் நரம்புகள் மட்டும் குதிரைவால்போல் தொங்குகின்றன. பிரசவ அறுவைக்காக முதுகில் ஊசி போடுகிறார்கள் என்றால் தாய்மார் பலர் நடுங்குவதுண்டு. வடம் முடிந்த இடத்திற்குக் கீழேதான் அந்த ஊசி செலுத்தப்படுகிறது. ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர் 1898-இல் தொடங்கிய இம்முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது.

மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களுக்கு மற்றொரு செய்தி. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்து நான்கே வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திருக்காது. அக்குழாய் சரியாக மூடாவிடில் குழந்தை பிளந்த முதுகோடு பிறக்க நேரிடும். ஃபோலிக் அமிலம் என்ற எளிய மாத்திரை இக்குறைபாட்டைப் பெருமளவு தடுக்கிறது என்று 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. கருவுற்றபின் தொடங்கினால் காலம் கடந்துவிடக்கூடும்; மருத்துவரைக் கேட்டு முன்னரே தொடங்குவது நன்று. நம் பெண்மக்களுக்குத் திருமணத்தின்போது சொல்லவேண்டிய அறிவுரைகளுள் இதுவும் ஒன்றாகட்டும்.

குறுக்குவலி வந்தால்

உலகில் 2020-ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் வருந்தியோர் 61 கோடியே 90 இலட்சம் பேர் என்று கணக்கிட்டுள்ளனர். மனிதரை முடக்கும் காரணங்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது. இவ்வலிகளுள் பெரும்பாலானவை உயிருக்கோ உறுப்புக்கோ கேடு செய்பவை அல்ல. சில வாரங்களில் தாமே தணிபவை.

படுக்கை இதற்கு மருந்தா? 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் திடீர்க் குறுக்குவலி கண்ட 186 ஊழியர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். எஞ்சியோர் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தனர். முதலில் நலமடைந்தவர்கள் மூன்றாம் பிரிவினரே. மிகவும் தாமதமாக நலமடைந்தவர்கள் படுத்திருந்தவர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கொடுங்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயாவது நடக்கவிடுங்கள்.

'டிஸ்க் விலகிவிட்டது' என்ற சொல்லைக் கேட்டவுடன் வீடே கலங்கிவிடுகிறது. வட்டு தன் இடம்விட்டு நழுவி ஓடிவிடுவதில்லை; சுற்றியுள்ள நார்களில் விரிசல் கண்டு நடுப்பாகு பிதுங்குகிறது. பிதுங்கிய பகுதி நரம்பைத் தொட்டால் புட்டத்திலிருந்து காலின்வழி மின்னலென வலி இறங்கும். இதனை 1934-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக்கினர். இவ்வாறு பிதுங்கியோருள் பெரும்பாலோர் அறுவையின்றியே சில மாதங்களில் தேறுகின்றனர். பிதுங்கிய பகுதியே நாளடைவில் சுருங்கிவிடுவதும் உண்டு. மேலும், 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். எல்லா வட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே! ஆகவே படத்தில் உள்ளதெல்லாம் நோயன்று. படத்தை மட்டும் கண்டு அஞ்சி, நகையை அடகு வைத்து அறுவைக்கு ஓடுமுன், நோயாளியை நேரில் தொட்டு ஆய்ந்து பார்க்கும் மருத்துவரின் சொல்லைக் கேளுங்கள்.

பொறுக்கலாகாத அறிகுறிகள்

எனினும் சில அறிகுறிகளை ஒரு நாளும் அலட்சியம் செய்யலாகாது. காலில் வலிமை குன்றுதல், தொடைகளின் இடையே மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை அல்லது கழிக்க இயலாமை—இவை முதுகுவலியோடு தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் நரம்புகள் மீளாமற் போகலாம்.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் விடாத வலி—இவை காசநோயின் அடையாளமாக இருக்கலாம். காசம் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று; முள்ளெலும்பையும் அரிக்கும். எலும்பு நொறுங்கிக் கூன் விழும், கால்கள் செயலற்றுப்போகும். இங்கிலாந்தின் பெர்சிவால் பாட் 1779-இல் இதனை விவரித்ததால் அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. இந்நோய்க்கு மாதக்கணக்கான படுக்கையும் பேரறுவையும் தேவை என்று ஒருகாலத்தில் கருதினர். நம் சென்னை நகரில் இருந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளிகள் நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைவர் என்பதை நீண்ட ஆய்வினால் காட்டியது. பத்தாண்டு முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. காலத்தோடு கண்டறிந்து மருந்தை முழுமையாக உட்கொள்வதே இதில் உயிர்நாடி.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு இருவர் மூவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. வளர்ச்சியின் வேகத்தில் இவ்வளைவு பெண்பிள்ளைகளுக்கே அதிகம் முற்றுகிறது. பெரும்பாலும் வலியிராது, ஆதலால் ஒருவரும் கவனிப்பதில்லை. சோதிப்பது எளிது. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கைகளைக் குவித்து முன்னே குனியச் சொல்லுங்கள். பின்னிருந்து பாருங்கள். முதுகின் ஒருபுறம் மற்றப் புறத்தைவிட மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி முடியுமுன் கண்டுபிடித்தால் கச்சு அணிவித்தே பலருக்கு வளைவை நிறுத்த முடியும். 2013-இல் வெளியான ஆய்வில், கச்சு அணிந்தவர்களுள் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு அறுவை தேவைப்படும் அளவுக்கு முற்றவில்லை. அணியாதவர்களுள் 48 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. பெண்பிள்ளையின் கூனை மறைத்துவைப்பதால் அவளுக்கு நன்மை செய்தவர்கள் ஆகமாட்டோம்.

முதிய தாய்மார் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருவதையும் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைந்து, இருமினாலும் முள்ளெலும்பு நசுங்கும் நிலை வரலாம். அதற்கும் இன்று மருந்து உண்டு.

விழுந்தவரைத் தூக்குமுன்

இனி, முதலில் சொன்ன இரண்டாவது வழக்கத்துக்கு வருவோம். பனையேறிகளும் தென்னை ஏறுவோரும் மரத்திலிருந்து விழுகின்றனர். இளைஞர்கள் இருசக்கர வண்டியிலிருந்து விழுகின்றனர். ஆழம் அறியாமல் கிணற்றிலும் குளத்திலும் தலைகீழாகக் குதிக்கின்றனர். எலும்பு முறிந்த அந்த நேரத்தில் வடம் இன்னும் அறுபடாமல் இருக்கலாம். முறிந்த எலும்பின் கூர்முனை அதன் அருகே நிற்கிறது. அப்போது உடலை மடக்கித் தூக்கினால், விபத்து செய்யாத கேட்டை உதவ வந்த கைகள் செய்துவிடும்.

ஆகவே இவற்றை வீட்டிலுள்ள எல்லோரும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தீயோ, நீரோ, வாகனங்களோ உயிருக்கு ஆபத்து விளைவித்தாலன்றி, விழுந்தவரை இடம் மாற்றவேண்டாம். 'அசையாமல் இரு' என்று அவரிடம் சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, தலையின் இருபுறமும் கைவைத்து, கழுத்து உடம்போடு நேர்கோட்டில் இருக்குமாறு பிடித்துக்கொள்ளட்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். உட்காரவைக்கவோ, தண்ணீர் புகட்டவோ, கையைக் காலை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். வாந்தி எடுத்தால், தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பும்படி, மரத்துண்டை உருட்டுவதுபோல் நால்வர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும்போதே மற்றவர்கள் அசைக்கவேண்டும். வேறு வழியின்றி எடுத்துச்செல்ல நேர்ந்தால், அவ்வாறே உருட்டி ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ மல்லாக்கக் கிடத்தித் தூக்குங்கள். மூச்சே நின்றிருந்தால் மட்டும் உயிரைக் காப்பதே முதற்கடமை.

முடிவன்று, தொடக்கம்

ஒருகாலத்தில் தண்டுவடம் அறுந்தவர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறப்பதே வழக்கமாயிருந்தது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து சென்ற யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இதனை மாற்றிக்காட்டினார். அவருடைய மருந்து மிக எளியது. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும் என்றார். படுத்தவர்களை எழுப்பி, உழைக்கவும் விளையாடவும் வைத்தார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்றைய பாராலிம்பிக் விளையாட்டின் விதை.

நம் அருகிலேயே வேலூரில் மற்றொரு சான்று உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கற்றுச் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, ஊனமுற்றோர் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். நிலையம் இன்றும் பணியாற்றுகிறது.

நம் பங்குகளிலும் இவ்வாறு படுக்கையில் இருப்போர் சிலராவது உண்டு. 'என்ன செய்வது, விதி' என்று மூலையறையில் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். நாள்தோறும் முதுகையும் குதிகாலையும் பார்த்துச் சிவந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சக்கர நாற்காலிக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் வழி தேடுங்கள். வாசலில் ஒரு சாய்தளம் அமைத்துக் கொடுங்கள். நம் ஆலயத்தின் படிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது நல்லது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம்மவர் பழமொழி. முதுகெலும்பைப் பொறுத்தவரை ஐந்திலும் ஐம்பதிலும் எண்பதிலும் அது வளைந்துகொண்டே இருக்கவேண்டும். வலிக்கும் முதுகுக்கு மெல்லிய அசைவைக் கொடுங்கள்; முறிந்த முதுகுக்கு முழு அசையாமையைக் கொடுங்கள். இவ்விரண்டையும் மாற்றிச் செய்யாத ஒரு குடும்பம் இருந்தால், அத்தெருவில் என்றாவது ஒருநாள் ஒருவர் தம் காலால் நடந்து வீடு திரும்புவார்.